டேர்போ கார்: வீட்டுக்கு வந்ததும் உடனே எஞ்சினை நிறுத்தலாமா?

வெள்ளவத்தை மருமகன்

எல்லோருக்கும் வணக்கம். இது பாதி எஞ்சின் கேள்வி, பாதி குடும்பக் கேள்வி. எஞ்சின் பாதிக்கு மட்டும் பதில் கிடைத்தாலும் போதும். மற்றதை நான் சமாளித்துக்கொள்கிறேன்.

நான்கு மாதங்களுக்கு முன் 2018ஆம் ஆண்டு டொயோட்டா சி-எச்ஆர் ஒன்றைப் பாவித்த நிலையில் வாங்கினேன். 1.2 லீற்றர் டேர்போ பெற்றோல் எஞ்சின். அதற்கு முன் என்னிடம் இருந்தது ஓர் ஆல்ட்டோ. அதில் டேர்போவும் இல்லை, அதைப் பற்றிய கவலையும் இல்லை. திறப்பைத் திருப்பினால் நின்றுவிடும், இறங்கி நடந்துவிடலாம்.

இப்போது அப்படி இறங்க முடியவில்லை. காரணம் என் மாமனார். அவரிடம் ஒரு காலத்தில் டேர்போ டீசல் ஜீப் ஒன்று இருந்தது. அது கடைசி வரை மக்கர் பண்ணாமல் உழைத்ததற்கு, ஒவ்வொரு முறையும் நிறுத்துவதற்கு முன் மூன்று நிமிடம் சும்மா ஓடவிட்டதுதான் காரணம் என்பது அவருடைய அசைக்க முடியாத முடிவு. இப்போது எங்களோடு வெள்ளவத்தையில் இருக்கிறார். அடுக்குமாடியின் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் காரை விட்டதும், கைக்கடிகாரத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். மூன்று நிமிடம் என்றால் மூன்று நிமிடம். இரண்டரையில் நான் பொத்தானை நோக்கிக் கையைக் கொண்டுபோனால் "ம்ம்" என்பார். பின் இருக்கையில் மாமி சந்தையிலிருந்து வாங்கிய பாரை மீனை மடியில் வைத்துக்கொண்டு, "இப்போதாவது இறங்கலாமா?" என்று கேட்பார். காவலாளி இரண்டு தடவை வந்து கண்ணாடியைத் தட்டினார். எஞ்சினை நிறுத்த மறந்து நாங்கள் எல்லோரும் உள்ளே உறங்கிவிட்டோம் என்று நினைத்தாராம்.

என் மனைவியின் பார்வை வேறு. "2022இல் பெற்றோலுக்கு இரவு முழுவதும் வரிசையில் காருக்குள் படுத்திருந்தீர்களே, அதற்குள் மறந்துவிட்டதா?" என்கிறாள்.

காரோடு வந்த கைநூல் ஜப்பான் மொழியில் இருக்கிறது. தொலைபேசிக் கெமராவைக் காட்டி மொழிபெயர்த்துப் பார்த்தேன். "எண்ணெய் இன்னும் மகிழ்ச்சியடையவில்லை" என்று ஒரு வரி வந்தது. மூடி வைத்துவிட்டேன்.

நான் தினமும் கொள்ளுப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் இடையே ஓடுகிறேன். மாதத்தில் ஒரு நாள் அதிவேக நெடுஞ்சாலையில் காலிக்குப் போகிறேன். உண்மையில் இந்தக் காத்திருப்புத் தேவையா? இன்னொன்று: சில நாட்களில் எஞ்சினை நிறுத்திப் பூட்டிவிட்டு வந்த பிறகும் முன்னால் காற்றாடி சுற்றிக்கொண்டே இருக்கிறது. அது கோளாறா?

தெகிவளைவாசி

ஒரு நிமிடம் போதும். மூன்று அதிகம். ஆனால் ஒன்றுமே தேவையில்லை என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

என்னிடம் 90களில் தயாரித்த ஜப்பானிய டேர்போ கார் ஒன்று இருந்தது. முன்னைய சொந்தக்காரர் அதில் டேர்போ டைமர் பூட்டியிருந்தார். திறப்பைக் கழற்றிய பிறகும் எஞ்சின் குறிப்பிட்ட நேரம் தானாக ஓடி, பிறகு தானாக நிற்கும். ஒருநாள் பம்பலப்பிட்டியில் நிறுத்திவிட்டு, திறப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கொத்து ரொட்டி வாங்கப் போனேன். திரும்பி வரும்போது காரைச் சுற்றி ஏழெட்டுப் பேர். ஓட்டுநர் இல்லாமல் ஓடும் எஞ்சினைப் பார்த்து, யாரோ கார் திருடும்போது அகப்பட்டுவிட்டதாக முடிவு கட்டியிருந்தார்கள். ஒருவர் என் கொத்துப் பார்சலைச் சந்தேகமாகப் பார்த்தார். மறுநாளே டைமரைக் கழற்றி எறிந்தேன். ஒரு நிமிடம் நானே உட்கார்ந்திருந்தால் போயிற்று.

பஞ்சிகாவத்தைப் பழசு

மருமகனே, உங்கள் மாமனார் சொல்வது பொய்யில்லை. அவருடைய ஜீப்புக்கு, அந்தக் காலத்து ஒயிலுக்கு, அது சரியான பழக்கம். உங்கள் காருக்கு, நீங்கள் ஓடும் பாதைக்கு, தேவையில்லை. முப்பது வருடத்துக்கு மேல் கராஜ் நடத்தியவன் நான். இப்போது மகன் நடத்துகிறான், நான் மூலையில் கதிரை போட்டு உட்கார்ந்து குறை சொல்கிறேன். பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டேர்போ என்பது ஒரு தண்டும் அதன் இரு முனைகளில் இரண்டு சக்கரங்களும்தான். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. மறுமுனைச் சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. சிறிய கார்களில் அந்தத் தண்டு நிமிடத்துக்கு 200,000 சுற்றுகளைத் தொடும். அந்த வேகத்தில் இரும்பும் இரும்பும் தொட்டால் கதை முடிந்தது. அதனால் பெரும்பாலான டேர்போக்களில் தண்டு ஒயில் படலத்தின் மேல் மிதந்தபடிதான் சுற்றுகிறது. அந்த ஒயிலை அனுப்புவது எஞ்சினின் ஒயில் பம்ப். எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும்.

அடுத்தது சூடு. பெற்றோல் எஞ்சினை நன்றாக மிதித்து ஓட்டினால் டேர்போவுக்குள் வரும் புகை 900 பாகை செல்சியஸைத் தாண்டும். டீசலில் அதைவிடக் குறைவு. இரவில் டேர்போவின் புகைப் பக்கம் நெருப்புத் தணல் போலச் சிவந்திருப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஓடும்போது ஒயில் வந்து வந்து அந்தச் சூட்டை அள்ளிக்கொண்டு போகிறது. அப்படிச் சிவந்திருக்கும்போது திடீரென்று நிறுத்தினால், அள்ளிப்போக ஆள் இல்லை. வார்ப்பிரும்பில் தேங்கிய சூடு மெல்ல ஊர்ந்து, நடுவில் தண்டைத் தாங்கும் பெயாரிங்குக்கு வரும். வேடிக்கை என்னவென்றால், நிறுத்திய கணத்தில் இருந்ததைவிடச் சில நிமிடம் கழித்துத்தான் அந்த நடுப்பகுதி அதிகமாகச் சூடாகும். அங்கே அகப்பட்டுக்கொண்ட ஒயில் கருகும். மாமனாரின் மூன்று நிமிடத்துக்குக் காரணம் இதுதான்.

இப்போது உங்கள் கதைக்கு வருவோம். கொள்ளுப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தைக்கு மாலையில் எப்படி வருகிறீர்கள்? பறந்தா வருகிறீர்கள்? பம்பலப்பிட்டியில் நின்று, சவோய் அருகில் ஊர்ந்து, மூன்றுசக்கர வண்டிக்கு வழிவிட்டு, தரிப்பிடத்து வாசலில் காவலாளி தடியைத் தூக்கும் வரை காத்திருந்து வருகிறீர்கள். அந்த ஊர்வலத்தில் டேர்போவுக்கு வேலையே இல்லை. புகையின் சூடு எப்போதோ இறங்கிவிட்டது, ஒயில் ஓடிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் தரிப்பிடத்தில் கார் விடும் முன்பே கொழும்பு நெரிசல் உங்கள் டேர்போவைக் குளிரவைத்து, தலை துவட்டி அனுப்பிவிட்டது. அதற்கு மேல் மூன்று நிமிடம் நிலத்துக்கடியில் புகை விட்டுக்கொண்டு இருப்பதால் கெடுவது மாமியின் மூச்சும் பாரை மீனும்தான். மூடிய இடத்தில் எஞ்சினைச் சும்மா ஓடவிடுவது நச்சுப் புகை விவகாரம். அதை விளையாட்டாக நினைக்காதீர்கள்.

காற்றாடி சுற்றுவது கோளாறில்லை. நிறுத்திய பிறகும் தங்கியிருக்கும் சூட்டை வெளியேற்றத்தான் அது சுற்றுகிறது. இன்றைய பெற்றோல் டேர்போக்களில் பெரும்பாலானவற்றின் நடு உடலில் ஒயிலோடு தண்ணீரும் ஓடுகிறது. எஞ்சின் நின்ற பிறகும் உள்ளே சூடான தண்ணீர் தானாக மேலேறும், குளிர்ந்த தண்ணீர் அந்த இடத்துக்கு வரும். பம்ப் இல்லாமலே நடக்கும் சுற்று அது. சில வாகனங்களில் இதற்கென்றே சின்ன மின்சாரப் பம்ப் வைத்திருக்கிறார்கள். உங்கள் எஞ்சினில் புகை வெளியேறும் வழியைச் சிலிண்டர் தலைக்குள்ளேயே வார்த்து, அதைச் சுற்றித் தண்ணீர் ஓடவிட்டிருக்கிறார்கள். அதாவது புகை டேர்போவுக்குப் போகும் முன்பே கொஞ்சம் சூட்டை இழக்கிறது. மாமனாரின் ஜீப்பைச் செய்த காலத்தில் இந்த வசதிகள் அரிது. ஒன்று மட்டும்: ரேடியேட்டரில் குறைந்தால் குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். கைநூல் சொல்லும் கூலண்டையே ஊற்றுங்கள். அந்த மெல்லிய வழிகளில் துரு அடைத்தால் இவ்வளவு ஏற்பாடும் வீண்.

சரி, அப்படியானால் டேர்போ எதனால் சாகிறது? ஒரு கதை சொல்கிறேன். ஒருவர் டேர்போ போய்விட்டது என்று வாகனத்தைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். பின்னால் நீலப் புகை, முன்னால் விசில் சத்தம். கழற்றினேன். டேர்போவுக்கு ஒயில் வரும் குழாய் பென்சில் தடிப்புத்தான் இருக்கும். துடைத்து வாயில் வைத்து ஊதினேன். காற்றுப் போகவில்லை. கன்னம் வலிக்க ஊதினேன், போகவில்லை. கம்பி விட்டுக் குத்தியபோது, பால் அடிப்பிடித்த சட்டியைச் சுரண்டினால் வருமே, அதுபோலக் கறுப்பாகச் செதில் செதிலாகக் கொட்டியது. தண்டை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினேன். நல்ல டேர்போவில் பக்கவாட்டில் மயிரிழை ஆட்டம் இருக்கும், அது ஒயிலுக்கான இடம். இது கடைவாய்ப் பல் ஆடுவது போல ஆடியது. காற்றுச் சக்கரத்தின் இலைகள் உறையில் உராய்ந்து ஓரங்கள் பளபளத்தன. தண்டை வெளியே எடுத்தால் மயில் கழுத்து நிறம்: நீலம், ஊதா, நடுவில் கொஞ்சம் பொன். சூட்டில் வெந்த இரும்பு அப்படித்தான் நிறம் மாறும்.

சொந்தக்காரர் பக்கத்தில் நின்று சத்தியம் செய்கிறார்: "நான் ஒருநாள் கூட மூன்று நிமிடம் விடாமல் நிறுத்தியதில்லை." நான் முன்கண்ணாடி மூலையில் ஒட்டியிருந்த ஒயில் சீட்டைப் பார்த்தேன். 5,000 கிலோமீற்றரில் மாற்ற வேண்டிய ஒயில் 14,000 ஓடியிருந்தது. என்ன ஒயில் ஊற்றினீர்கள் என்று கேட்டேன். தெரியவில்லை. "நல்ல ஒயில்தான், பீப்பாயிலிருந்து ஊற்றினார்கள்" என்றார். தினமும் மூன்று நிமிடம் அந்தக் கறுப்புச் சகதியைத்தான் அவர் டேர்போவுக்குக் குடிக்கக் கொடுத்திருக்கிறார்.

நான் திறந்து பார்த்த டேர்போக்களில் பெரும்பாலானவை இப்படிச் செத்தவை. பழைய ஒயில், தரமில்லாத ஒயில், குறைந்துபோன ஒயில். வெப்ப நாடு என்று சொல்லி எல்லா வாகனத்துக்கும் 20டபிள்யூ-50 தடித்த ஒயிலை ஊற்றும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பென்சில் குழாய்க்குள் அது காலையில் எப்படி ஓடும்? கைநூலில் என்ன தரம் போட்டிருக்கிறதோ அதை வாங்குங்கள், முத்திரை உடையாத கலனாக வாங்குங்கள், உங்கள் கண்முன்னே ஊற்றச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. மாலையில் மூன்று நிமிடம் காக்கும் மாமனார் காலையில் என்ன செய்கிறார்? உங்கள் தரிப்பிடம் நிலத்துக்கடியில் என்கிறீர்கள். அப்படியானால் கார் காலையில் செய்யும் முதல் வேலையே செங்குத்தான சாய்வில் ஏறுவது. இரவு முழுவதும் ஒயில் வடிந்து கீழே கிடக்கிறது, நீங்கள் பொத்தானை அமுக்கிய கையோடு மேலே மிதிக்கிறீர்கள். என்னைக் கேட்டால் டேர்போவுக்கு அதுதான் கெட்ட நேரம். எஞ்சினைப் போட்டுவிட்டு இருக்கைப் பட்டியைக் கட்டுங்கள், கண்ணாடியைச் சரிசெய்யுங்கள். அரை நிமிடம் போதும். பிறகு பூப்போல ஏறுங்கள்.

கணக்கப்பிள்ளை

மனைவியின் கட்சிக்காக ஒரு கணக்கு. குளிரூட்டி போட்ட நிலையில் இந்த அளவு எஞ்சின் சும்மா நின்றால் மணிக்கு ஏறத்தாழ 0.8 லீற்றர் குடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நிமிடத்துக்கு 40 மில்லிலீற்றர். காலையில் அலுவலகத்தில் ஒரு முறை, மாலையில் வீட்டில் ஒரு முறை என்றால் நாளுக்கு 80. மாதம் 25 நாட்களுக்கு 2 லீற்றர். அதைவிடப் பெரிய கணக்கு: நாளுக்கு 6 நிமிடம், மாதத்துக்கு இரண்டரை மணித்தியாலம் நீங்கள் நின்ற காரில் உட்கார்ந்திருக்கிறீர்கள். மாமனாரோடு.

கேடிஎச் சாரதி

பழசு ஐயா சொன்னதில் முக்கால் பங்கு எனக்குச் சம்மதம். கால் பங்குக்குச் சண்டை.

நான் டொயோட்டா கேடிஎச் வானில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி ஓடுகிறேன். டேர்போ டீசல். கொழும்புக்குள் எனக்கும் காத்திருப்பு இல்லை; காத்திருந்தால் பின்னாலிருந்து ஹோர்ன் அடித்தே கொன்றுவிடுவார்கள். ஆனால் மலைக்குப் போனால் சட்டம் வேறு. கண்டி வீதியில் கடுகண்ணாவை ஏற்றத்தை ஏறி முடித்ததும், பயணிகள் கீழே தெரியும் பள்ளத்தாக்கைப் படம் பிடிக்க வேண்டும் என்பார்கள். அந்த இடத்தில் வான் என்ன நிலையில் இருக்கிறது? பத்துப் பேரையும் அவர்களுடைய பெட்டிகளையும் சுமந்து இரண்டாம் கியரில் இழுத்துக்கொண்டு வந்து, மூச்சு வாங்கியபடி நிற்கிறது. அதே கதைதான் கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வழியில் றம்பொடை நீர்வீழ்ச்சி அருகில். மிதித்து ஏறிய கால் சூடு ஆறுவதற்குள் "நிறுத்துங்கள், நிறுத்துங்கள்" என்று தோளைத் தட்டுவார்கள். அப்போது நான் நிறுத்துவேன், ஆனால் எஞ்சினை நிறுத்தமாட்டேன். அவர்கள் இறங்கி, தொப்பியைத் தேடி, கெமராவை எடுத்து, கதவைச் சாத்தும் வரை ஓடும். அதுவே இரண்டு நிமிடம். தனியாகக் காத்திருக்கவே வேண்டியதில்லை.

இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. டொயோட்டாவின் டேர்போ டீசல் வாகனக் கைநூலில் ஒரு சின்ன அட்டவணை இருக்கிறது. ஆங்கிலக் கைநூல் ஒன்றை முதலாளி வாங்கி வைத்திருந்தார், அதில் படித்தேன். சாதாரண நகர ஓட்டம் என்றால் தேவையில்லை. மணிக்கு 80 கிலோமீற்றர் அளவில் ஓடினால் ஏறத்தாழ 20 விநாடி. 100 என்றால் ஒரு நிமிடம். செங்குத்தான மலையேற்றம், அல்லது தொடர்ந்து 100க்கு மேல் என்றால் இரண்டு நிமிடம். மூன்று நிமிடம் என்று எங்கேயும் இல்லை. மாமனாரிடம் காட்டுங்கள்.

ஐயாவோடு சண்டை எங்கே என்றால், "தேவையில்லை" என்பதை முதல் வரியில் போட்டுவிட்டார். ஆட்கள் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு நுவரெலியாவுக்குப் போவார்கள்.

பஞ்சிகாவத்தைப் பழசு

ஒப்புக்கொள்கிறேன், தம்பி. நான் எழுதத் தொடங்கினால் நெரிசலிலேயே நின்றுவிடுகிறேன்.

மருமகன் காலிக்குப் போவதாகச் சொன்னதையும் விட்டுவிட்டேன். கொட்டாவையில் ஏறினால் ஏறத்தாழப் பாதி வழியில் வெலிப்பன்ன ஓய்விடம் வருகிறது. நெடுஞ்சாலையில் 100இல் ஓடிக்கொண்டிருந்தவர் ஒரு வளைவு திரும்பியதும் தேநீர்க் கடை வாசலில் நிற்கிறார். இடையில் நெரிசல் இல்லை, சிக்னல் இல்லை. பிள்ளைக்கு அவசரமாகக் கழிப்பறை. கார் நின்றதும் எஞ்சினும் நிற்கிறது. கொழும்பு ஆட்களின் டேர்போவுக்கு வருடத்தில் சூடு பிடிக்கும் இடம் அந்தத் தரிப்பிடம்தான். அங்கே ஒரு நிமிடம் இருங்கள். இல்லாவிட்டால் ஓய்விடத்துக்கு இரண்டு கிலோமீற்றர் முன்பே காலை இலேசாக்கி, இடது பக்கம் ஒதுங்கி, மென்மையாக வந்து சேருங்கள். நின்று காப்பதைவிட ஓடியபடி ஆறவிடுவது நல்லது. முன்னாலிருந்து காற்றும் அடிக்கும். காலியில் இறங்கினால் நகருக்குள் போகும் வழியே போதும், அங்கே கவலை வேண்டாம்.

பழைய லொறிக்காரர்களின் பழக்கம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நிறுத்துவதற்கு முன் "வ்ர்ரூம்" என்று ஒரு மிதி மிதித்துவிட்டுத் திறப்பைத் திருப்புவார்கள். ஏன் என்று கேட்டால் அப்பா அப்படித்தான் செய்தார் என்பார்கள். டேர்போ எஞ்சினில் அதைவிட மோசமான காரியம் இல்லை. தண்டைப் பலமாகச் சுழற்றிவிட்டு, அதே கணத்தில் அதன் ஒயிலை வெட்டுவது. கிணற்றுக்குள் ஆளை இறக்கிவிட்டுக் கயிற்றை அறுப்பது மாதிரி.

புறக்கோட்டைப் பொறியியல் மாணவி

ஐயாவிடம் ஒரு கேள்வி. எங்கள் வீட்டுக் காரும் டேர்போ. சிக்னலில் நின்றால் எஞ்சின் தானாக நின்றுவிடுகிறது, பிரேக்கை விட்டால் தானாக ஓடத் தொடங்குகிறது. நிறுத்துவது கெடுதல் என்றால் தயாரிப்பாளரே ஏன் ஒரு நாளில் நாற்பது தடவை நிறுத்துகிறார்? அப்பா ஒவ்வொரு நாளும் பொத்தானை அமுக்கி அந்த ஏற்பாட்டை அணைத்துவிடுகிறார்.

பஞ்சிகாவத்தைப் பழசு

மகளே, நல்ல கேள்வி. உன் கேள்வியிலேயே பதிலும் இருக்கிறது. அந்த ஏற்பாடு எப்போதும் நிறுத்துவதில்லை, கவனித்திருப்பாய். எஞ்சின் போதிய சூடு ஏறாவிட்டால் நிறுத்தாது, பற்றரி பலவீனமாக இருந்தால் நிறுத்தாது, குளிரூட்டிக்கு வேலை அதிகமாக இருந்தால் நிறுத்தாது. சூடு எவ்வளவு, எப்போது நிறுத்தலாம் என்று கணினி கணக்குப் பார்த்துத்தான் நிறுத்துகிறது. அந்த டேர்போவையும் பெயாரிங்கையும் அதற்கேற்றபடி செய்திருக்கிறார்கள். சிக்னலில் நிற்பவர் ஏற்கெனவே வேகம் குறைத்து ஊர்ந்து வந்தவர் என்பதையும் மறக்காதே. அப்பா அதை அணைப்பதால் டேர்போவுக்குப் பெரிய இலாபம் இல்லை. ஆனால் அந்த ஏற்பாட்டுக்கான விசேட பற்றரியின் விலையைக் கேட்டால் நானும் அணைத்துவிடுவேன். அது வேறு விவகாரம்.

தெகிவளைவாசி

அப்படியானால் நான் இத்தனை வருடமாக தெகிவளைப் பாலத்து நெரிசலில் அரை மணித்தியாலம் நின்றுவிட்டு, வீட்டு வாசலில் இன்னொரு நிமிடம் உட்கார்ந்திருந்தது எதற்கு?

பஞ்சிகாவத்தைப் பழசு

வானொலியில் பாட்டு முடியும் வரை என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடத்தால் எதுவும் கெட்டுவிடாது.

வெள்ளவத்தை மருமகன்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு செய்திகள்.

முதலாவது, சாரதி அண்ணா சொன்ன அட்டவணையை மாமாவிடம் சொன்னேன். மூன்று நிமிடம் எங்கேயும் இல்லை என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவர்கள் ஜப்பான் சூட்டுக்கு எழுதியிருப்பார்கள்" என்றார். கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்திருக்கிறோம். கொழும்புக்குள் உடனே நிறுத்துவது. வெலிப்பன்னவில் அவர் கடிகாரம் பார்க்கலாம், ஆனால் ஒரு நிமிடம் மட்டும். காவலாளிக்கும் அறிவித்துவிட்டேன்.

இரண்டாவது. ஐயா ஒயில் சீட்டைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு இரவு பத்து மணிக்குக் கீழே போய்த் தேடினேன். முன்கண்ணாடியில் ஒன்றும் இல்லை. எஞ்சின் மூடியைத் தூக்கியபோது உட்பக்கத்தில், தூசு படிந்து, பாதி கிழிந்த அட்டை ஒன்று கம்பியில் தொங்கியது. அடுத்த ஒயில் மாற்றம் 61,000 என்று பேனாவால் எழுதியிருந்தது. என் மானியில் இப்போது 68,400. நான் வாங்கும்போதே 66,000. விற்றவர் "சேர்விஸ் எல்லாம் செய்துதான் தருகிறேன்" என்று சொன்னதும், நான் சீட்டைக் கேட்காமல் தலையாட்டியதும் நினைவுக்கு வந்தன. ஒயில் கோலை இழுத்துத் துடைத்துத் திரும்ப விட்டுப் பார்த்தேன். கீழ்க் கோட்டுக்கு ஒரு நூல் கீழே நிற்கிறது. நிறம் கோப்பித் தூள் நிறம். விரலில் தேய்த்தால் நறநறக்கிறது.

நாளைக் காலை காரை எடுக்காமல், முதலில் கடைக்குப் போய் முத்திரை உடையாத கலன் ஒன்று வாங்கி, கீழ்க் கோட்டுக்கு மேல் வரும்வரை ஊற்றிவிட்டுத்தான் கராஜுக்குப் போகிறேன். ஐயா, உங்கள் மகனின் கராஜ் எந்தப் பக்கம் என்று தனிமடலில் சொல்ல முடியுமா? மாமாவிடம் இன்னும் இந்த அட்டையைக் காட்டவில்லை.

பஞ்சிகாவத்தைப் பழசு

அனுப்பியிருக்கிறேன். ஒயில் வடிகட்டியையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். காலையில் அந்தச் சாய்வில் மெல்ல ஏறுங்கள்.